கடைசியில் நடப்பவள்

அக்டோபர் 6

எனக்கு இருக்கும் ஒரே அத்தையும், அதனால் வேறு வழியில்லாமல் எனக்குப் பிடித்த அத்தையுமான உனக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான், கோழிகள் எல்லோரும் சுகம். நீ சுகமா, விடுதிக் கட்டிலில் தூக்கம் வருகிறதா என்று எழுது. நம் குடியிருப்பில் போன் எடுக்காது என்பதை அங்கே போய் மறந்துவிடாதே. பால் வண்டிதான் தபால் வண்டி.

நீ ஏறிய பஸ் வளைவில் மறைந்ததும் அம்மா கண்ணைத் துடைத்தாள். தூசி என்றாள். மழை பெய்துகொண்டிருந்தது.

உன் பயிற்சியின் பெயரை அப்பா ஒரே மூச்சில் படிக்கப் பார்த்து இருமிவிட்டார். 'பழங்குடிப் பெண்களுக்கான ஆளுமை வளர்ச்சி மற்றும் தன்னம்பிக்கை மேம்பாட்டுப் பயிற்சி.' இதை மூச்சு வாங்காமல் சொல்பவளுக்கு வாசலிலேயே சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடலாம். ஐந்து மாதம் எதற்கு?

கேலி இருக்கட்டும். அந்தச் சான்றிதழோடு வந்தால்தான் பிப்ரவரியில் தீக்காவல் குழுத் தலைவர் தேர்வுக்கு உன்னைக் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் இந்தக் கோடையிலும் ஜீப்புக்காரர்தான் நமக்குத் தலைவர். போன கோடையில் அவர் எல்லோருக்கும் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓடினார். காற்று திரும்பி அம்மா புகைக்குள் மாட்டிக்கொண்டது அவருக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. நீதான் உள்ளே போய்த் தூக்கி வந்தாய். அம்மாவின் கால் இன்னும் சரியாக மடங்கவில்லை. காட்டுப் பக்கம் இனி போகவே மாட்டேன் என்கிறாள்.

இன்னொரு சின்ன விஷயம். உன் விண்ணப்பத்தை நான்தானே நிரப்பினேன். 'சிறப்புத் திறமை' என்ற இடத்தைக் காலியாக விடச் சொன்னாய். காலி இடத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். 'மேடைப் பேச்சு' என்று எழுதிவிட்டேன். அதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா சொல்லச் சொன்னாள். நானும் சொல்வதாக வைத்துக்கொள்.

உன் மருமகள்,
சில்வண்டு (ஓயாமல் கத்துகிறேன் என்று நீயே வைத்த பெயர்)


அக்டோபர் 20

அன்பு சில்வண்டுக்கு,

நான் நலம். அண்ணனும் அண்ணியும் நீயும் நலமாக இருக்க வேண்டும். அண்ணியின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க மறக்காதே.

யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்டிருந்தாய். பயிற்சியாளர் அம்மா படித்தார். முதல் நாளே. கூடத்தில் நாற்பது பெண்கள். மலையிலிருந்து வந்தவர்கள், கடலோரத்திலிருந்து வந்தவர்கள். "மேடைப் பேச்சில் வல்லவர் ஒருவர் நம்மிடையே இருக்கிறார், அவர் வரவேற்புரை சொல்வார்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அது நான் என்று தெரிந்தது.

மேடையில் ஏறி நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கடைசியில், "டீ ஆறிடும், குடிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். சிரித்தார்கள். டீ சூடாகத்தான் இருந்தது.

என் அறையில் கடலோரத்துக்காரி ஒருத்தி. சொந்தமாகப் படகு ஓட்டுகிறவள். அவள் பேச ஆரம்பித்தால் உனக்கே கொட்டாவி வரும். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவது இந்த வாரப் பாடம். எனக்குப் புருவம் வரைதான் முடிகிறது.

வேறு விசேஷம் இல்லை. கீழ்ச்சரிவில் சருகு எவ்வளவு விழுந்திருக்கிறது என்று பார்த்து எழுது. எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அத்தை


நவம்பர் 3

புருவம் வரை முன்னேறிய அத்தைக்கு,

எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு நான் வைத்த வேட்டு இத்தனை சத்தமாக வெடிக்கும் என்று நினைக்கவில்லை. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இனிமேல் காலி இடத்தைக் கண்டால் தொட மாட்டேன். பரீட்சைத் தாளில் ஏற்கெனவே அப்படித்தான்.

உன் பாடத்தை நானும் செய்து பார்த்தேன். பள்ளி மணியைப் பத்து நிமிடம் முன்னாலேயே அடித்தது யார் என்று தலைமையாசிரியை கேட்டார். அவர் கண்ணைப் பார்த்து, தெரியாது என்றேன். அவர் என் காதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். எட்டிப் பிடிக்க வாகாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். காது இன்னும் சூடாக இருக்கிறது. உன் டீயைவிட.

ஜீப்புக்காரர் வந்திருந்தார். இந்த வருடமும் தான்தான் என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டுப் போனார். என்னைப் பார்த்து, "உங்க அத்தை பேசி நான் கேட்டதே இல்லையே, ஊமையா?" என்றார். "நீங்க நிறுத்துனதில்லையே, அதான் கேக்கல" என்றேன். அப்பா பின்னாலிருந்து என் சடையை இழுத்தார். ஆனால் மெதுவாகத்தான்.

சருகு கணுக்கால் வரை. நவம்பரிலேயே நொறுங்குகிறது. அம்மா ஒத்தடத்துக்கு ஒத்துக்கொள்கிறாள், நடக்கச் சொன்னால்தான் ஒத்துவரவில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஒரு காது நீண்ட சில்வண்டு


நவம்பர் 24

அன்பு சில்வண்டுக்கு,

நலம். அங்கும் நலமாக இருக்க வேண்டும். பதில் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

ஒரு செய்தி. நான் துணிந்துவிட்டேன். இங்கே எதையும் குழுவாகத்தான் செய்யச் சொல்கிறார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடப்பது, கனமான மேசையை மாடிக்கு ஏற்றுவது. ஒவ்வொரு முறையும், யாரையும் கேட்காமல், தலைமை இடத்தை நானே போய் எடுத்துக்கொள்கிறேன். நம் ஆட்கள் பார்த்தால் என்ன திமிர் என்பார்கள். முதல் முறை கூச்சமாக இருந்தது. இப்போது நேராகப் போய் நின்றுவிடுகிறேன்.

பயிற்சியாளர் அம்மா என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். ஏதோ குறித்துக்கொள்கிறார். நான் அளவுக்கு மீறிப் போகிறேனோ என்னவோ. மற்றவர்களுக்கும் இடம் விட வேண்டும் இல்லையா? அடுத்த மாதத்திலிருந்து கொஞ்சம் அடங்கி இருக்கலாம் என்று பார்க்கிறேன்.

சருகைக் கூட்டி, தீ தாண்டாமலிருக்க வெட்டிய தீக்கோடு முழுவதையும் இப்போதே அகலப்படுத்தச் சொல். யாருக்கும் காத்திருக்க வேண்டாம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அத்தை


டிசம்பர் 4

முகம் தெரியாத சில்வண்டுக்கு,

நான் உன் அத்தையின் அறைத்தோழி, படகுக்காரி. சுகம்தானே? உன் கடிதங்களை அவள் எனக்குப் படித்துக் காட்டுவாள், அந்த உரிமையில் எழுதுகிறேன். அவளிடம் சொல்லிவிடாதே.

உன் அத்தை எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், அதனால் நான் சொல்கிறேன். குழுப் பயிற்சி என்றாலே எல்லோருக்கும் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறாள். வா முன்னால் என்று கையைப் பிடித்து இழுத்தால் ஏதோ வெட்கப்பட்டவள்போலச் சிரிக்கிறாள். மாத மதிப்பீட்டில் தலைமைப் பண்புக்குப் பத்துக்கு இரண்டு. தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, சாப்பிட வராமல் படுத்துவிட்டாள். ஐந்துக்குக் கீழே வாங்குகிறவர்களை இந்த மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நெருப்புக்குள் போய் அண்ணியைத் தூக்கி வந்தவள் இவள்தான் என்று உன் கடிதத்தில் இருக்கிறது. அப்படிப்பட்டவள் நாற்பது பெண்களுக்குப் பயந்து ஏன் பின்னால் நிற்கிறாள்? எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்தால் ஏதாவது செய்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

படகுக்காரி


டிசம்பர் 9

பத்துக்கு இரண்டு வாங்கிய என் அத்தைக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமில்லை என்று தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே, சில்வண்டுகளுக்கு ஊரெல்லாம் உறவு.

விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு எழுந்து உட்கார்ந்தேன், சிரிப்பு வரவில்லை. அத்தை, அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. நீ வரிசையின் கடைசிக்குப் போவது தலைமை ஏற்பதற்காக என்று அந்தக் கட்டடத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

தீக்கோட்டில் நம் ஆட்கள் நடந்தால் தலைமை கடைசியில். அது நம் குடியிருப்பில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். வெளியே அப்படி இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்க்கிறேன், வரிசையில் முதலில் நிற்கிறவள்தான் லீடர். கடைசியில் நிற்கிறவள் தாமதமாக வந்தவள். நானும் வருடக்கணக்காக அங்கே நின்றிருக்கிறேன், எனக்கு யாரும் தலைமைப் பதவி கொடுக்கவில்லை.

நீ திமிர் என்று கூச்சப்படுகிறாய். அவர்கள் பயம் என்று பரிதாபப்படுகிறார்கள். மதிப்பீடாம். உன் மதிப்பும் தெரியாமல், உனக்கு ஈடும் தெரியாமல் போட்ட இரண்டு.

தயவுசெய்து அடங்கி இருக்காதே. அடங்கினால் பூஜ்யம்தான். ஒரு தடவை வாயைத் திறந்து, ஏன் அங்கே நிற்கிறாய் என்று சொல். மேடைப் பேச்சு வேண்டாம், இரண்டு வரி போதும். நீ பாதியில் திரும்பி வந்தால் பிப்ரவரித் தேர்வு இல்லை. அப்புறம் யார் பின்னால் நாம் நெருப்புக்குள் போவோம் என்று உனக்கே தெரியும்.

அப்பாவும் அம்மாவும் விசாரித்தார்கள். அவர்களிடம் இரண்டைப் பற்றிச் சொல்லவில்லை.

சில்வண்டு


டிசம்பர் 23

அன்பு சில்வண்டுக்கு,

நலம். இந்த முறை நிஜமாகவே நலம். எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எவ்வளவு துணிச்சலாக இருக்கிறேன் என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை பேரும் என்னைக் கோழை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். முதலில் வெட்கம் வந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம் உதவியது.

மறுநாள் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும் பயிற்சி. பன்னிரண்டு பேர் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து தோட்டத்துக்குப் போக வேண்டும். தலைமை வகிப்பவருக்கு மட்டும் கண் திறந்திருக்கும். யார் தலைமை என்று கேட்டார் பயிற்சியாளர் அம்மா. நான் என்றேன். வழக்கம்போலக் கடைசிக்குப் போனேன். எல்லோரும் சிரித்தார்கள். முன்னால் வாருங்கள் என்றார்.

"முன்னாடி நின்னா எனக்கு நெருப்பு மட்டுந்தாம்மா தெரியும். பின்னாடி நின்னாத்தான் ஆளுங்க தெரிவாங்க" என்றேன்.

அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். இங்கே நெருப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார். சரி, நீங்கள் முன்னால் நின்று ஒரு தடவை கூட்டிப் போங்கள், பிறகு நான் பின்னால் நின்று கூட்டிப் போகிறேன் என்றேன். எனக்கே நம்ப முடியவில்லை, அப்படிச் சொன்னது.

அவர் முன்னால் போனார். தோட்டத்துக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது ஒன்பது பேர்தான் இருந்தார்கள். படிக்கட்டில் கயிறு கைவிட்டுப் போய், மூன்று பேர் துணி துவைக்கும் அறைக்குள் நின்று வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு நான் கடைசியில் நின்று, வலம், இடம், நில் என்று ஒவ்வொருத்தியின் முதுகையும் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பன்னிரண்டு பேரையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். படகுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "என் படகுலயும் சுக்கான் பின்னாடிதானே இருக்கு, எனக்கு ஏன் தோணல" என்று அன்று முழுக்கப் புலம்பினாள்.

பயிற்சியாளர் அம்மா உடனே மதிப்பெண்ணை மாற்றிவிடவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்தார். "எனக்குத் தெரியாம இருந்தது என் தப்பு. ஆனா தேர்வுல உக்கார்ற அதிகாரிங்களுக்கும் தெரியாது. நீங்க சொன்னாத்தான் தெரியும். சொல்லிப் பழகுங்க" என்றார். தினமும் மாலையில் ஒரு மணி நேரம் என்னைப் பேசவைத்து எதிரில் உட்கார்ந்து கேட்கிறார். குரல் தேய்ந்தால் மேசையைத் தட்டுகிறார். இதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

இந்த மாத மதிப்பீட்டில் ஏழு. யாரையும் இனி அடங்கி இருக்கச் சொல்லாதே, எனக்கு அடங்காதே என்று சொன்ன அதே வாயால்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தை


ஜனவரி 20

அத்தைக்கு,

எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். ஏழுக்கு வாழ்த்துகள். பள்ளியில் பாடம் அதிகம். குளிர் போய்விட்டது.

சில்வண்டு


ஜனவரி 27

சில்வண்டு,

நான் நலம். நீ நலமில்லை.

உன் கடிதம் நான்கு வரி. எல்லா எழுத்தும் இடப்பக்கம் சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. இடது கையால் எழுதியிருக்கிறாய். ஒரு கேலிகூட இல்லை. விடுதிக்கு வரும் செய்தித்தாளில் நம் மலையில் தீ என்று மூலையில் சின்னதாகப் போட்டிருந்தார்கள்.

எனக்கு மூன்று பதில் வேண்டும். உன் வலது கைக்கு என்ன? எத்தனை பேர் உள்ளே போனார்கள், யார் யார்? கடைசியில் நடந்தது யார்?

பால் வண்டி வெள்ளிக்கிழமை வரும். அதில் பதில் வர வேண்டும்.

அத்தை


பிப்ரவரி 4

பார்க்காமலே பார்த்துவிடும் அத்தைக்கு,

எல்லோரும் உயிரோடு சுகம். இதை முதலில் எழுதுகிறேன், பிறகு நீ திட்டிக்கொள்ளலாம்.

ஜனவரி பத்து, மத்தியானம், கீழ்ச்சரிவு. வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று ஜீப்புக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். அப்பா லோடு ஏற்றப் போயிருந்தார். அம்மா எழுந்து வாசல்வரை வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் ஓர் அடி வரவில்லை. நான் போகிறேன் என்று ஜீப்பில் ஏறிவிட்டேன். வயது கேட்டால் பதினெட்டு என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவர் கேட்கவே இல்லை.

அவர் முன்னால் ஓடினார். கடைசியில் யாரும் இல்லை. அதனால் நான் நின்றேன். எனக்கு முன்னால் பதினெட்டு முதுகு. ஒவ்வொன்றும் எந்த வீட்டு முதுகு என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பாதி வழியில் எண்ணினால் பதினேழு. விசில் அடித்தேன். நம் ஆட்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். ஜீப்புக்காரர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தார். தேன்காரர் வீட்டு மருமகள் பள்ளத்தில் சறுக்கி விழுந்திருந்தாள். ஆளைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே வெளியேறினோம். அப்போது எரிந்த கிளை ஒன்று என் கைமேல் விழுந்தது. கொப்புளம் இப்போது ஆறிவிட்டது. பார், வலது கை எழுத்து.

அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. மருந்து போட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள். நெருப்பைவிட அதுதான் சுட்டது.

உன் பயிற்சிக்கு நடுவில் இதை எழுதினால் நீ கிளம்பி வந்துவிடுவாய் என்று மறைத்தேன். அத்தை, எனக்கு இது நன்றாக வருகிறது. உன் குழுவில் எனக்கு இடம் வேண்டும். தலைவியின் மருமகள் என்ற சலுகையில் அல்ல, தகுதியில்.

தேர்வில் நன்றாகப் பேசு. சாப்பிட்டுவிட்டுப் போ.

சில்வண்டு


பிப்ரவரி 23

அன்பு சில்வண்டுக்கு,

நலம். கையில் வெயில் படாமல் பார்த்துக்கொள்.

நேற்று தேர்வு. நீளமான மேசை, மூன்று அதிகாரிகள், எதிரே இரண்டு நாற்காலி. ஜீப்புக்காரர் முதலில் பேசினார். எந்தத் தீயிலும் முதல் ஆளாக நிற்பது தான்தான் என்றார். நன்றாகத்தான் பேசினார். ஜனவரித் தீயில் எத்தனை பேரைக் கூட்டிப் போனீர்கள் என்று ஒரு அதிகாரி கேட்டார். "இருபது, இருபத்தஞ்சு இருக்கும் சார்" என்றார்.

பிறகு என் முறை. எழுந்து நின்றேன். பத்தொன்பது பேர் என்றேன். ஒவ்வொருவரையும் எந்த வீடு, என்ன வேலை, யாருக்கு ஓட முடியும், யாருக்கு மூச்சிரைக்கும் என்று வரிசையாகச் சொன்னேன். நடுவில் ஒருத்தி விழுந்ததையும், வரிசை நின்றதையும் சொன்னேன். தலைமை ஏன் கடைசியில் நடக்க வேண்டும் என்று சொன்னேன். குரல் தேயவில்லை. நீங்கள் அன்று அங்கே இல்லையே, எப்படித் தெரியும் என்று கேட்டார்கள்.

"கடைசில நடந்தது என் அண்ணன் மக. அவளுக்குப் பதினாறு வயசு. அவ அங்க இருந்திருக்கவே கூடாது. அவளை யாரும் வயசு கேக்கல" என்றேன்.

மூத்த அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்றார். முக்கால் மணி நேரம் சொன்னேன்.

மாலையில் பலகையில் என் பெயரை ஒட்டினார்கள். படகுக்காரி என்னைத் தூக்கிச் சுற்றியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

குழுவை நானே தேர்ந்தெடுக்கலாம். இருபது பெயர்கள் இத்துடன் இருக்கின்றன. அண்ணியின் பெயர் இருக்கிறது. மேட்டுக் காவல் கொட்டகையில் உட்கார்ந்து புகையும் காற்றும் பார்க்க வேண்டும். அதற்குக் கால் வேண்டாம், அவருடைய கண் வேண்டும். புகைக்குள் இருந்தவருக்குத்தான் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியும்.

உன் பெயர் இல்லை. நீ செய்ததை நான் செய்திருந்தாலும் அவ்வளவு நன்றாகச் செய்திருக்க மாட்டேன். ஆனாலும் இல்லை. பதினெட்டு முடியட்டும். இதைப் பற்றி வேறு கடிதம் எழுதாதே, பதில் மாறாது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருகிறேன். எல்லோருக்கும் என் அன்பு.

அத்தை


பிப்ரவரி 27

மாண்புமிகு தலைவி அவர்களுக்கு,

எல்லோரும் சுகம், என் மனசைத் தவிர.

எழுதாதே என்றதால் எழுதுகிறேன். தலைவிக்கும் தலைவலிக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்று இன்று கண்டுகொண்டேன். பிறந்ததிலிருந்து நான் கேட்டு நீ இல்லை என்று சொன்னதே கிடையாது. கடிதத்தை மூன்று முறை படித்தேன், எங்கேயாவது ஒரு ஓரத்தில் வருத்தம் தெரிவித்திருக்கிறாயா என்று. ஒரு புள்ளிகூட இல்லை. ஐந்து மாதப் பயிற்சி நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. முதல் அடி எனக்கே விழும் என்று நினைக்கவில்லை.

கோபம் தணியச் சாயங்காலம் ஆனது. அப்பா உன் பெயர் பலகையில் ஏறியதைப் பால் வண்டிக்காரரிடம் இரண்டு தடவை சொன்னார். அவர்தான் அந்தக் கடிதத்தையே கொண்டுவந்தவர்.

பிறகு அம்மாவுக்குப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். தன் பெயர் வந்ததும் அவள் எழுந்து போனாள். பாத்திரம் கழுவினாள். கோழிகளை அடைத்தாள். காலை நீட்டி உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். மாட்டேன் என்றுதான் சொல்லப்போகிறாள், அதை உனக்கு எப்படி எழுதுவது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"கடைசில யாரு நடப்பா?" என்று கேட்டாள்.

"உன் நாத்தனார்தான்" என்றேன்.

"அப்ப வர்றேன்னு எழுது."

எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
பதினெட்டுக்கு இன்னும் இருபது மாதம் பாக்கியுள்ள
சில்வண்டு